பாலை நிறுத்தால் மட்டும் போதுமா?
(ஒரு ஹாக்கி மேனேஜரை எடைபோடும் கதை)



கெடா மாநிலத்தில் சரித்திரம் பேச உட்கார்ந்தால் நம்மவர்கள் நேரே கடாரத்துக்குப் போய்விடுவோம். 1025-ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்தது என்போம். பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயில்களின் அடித்தளங்கள் கிடைத்தன என்போம். பெருமைப்பட வேண்டிய செய்திகள்தாம். ஆனால் சரித்திரம் என்பது படையெடுப்பு மட்டுமன்று. ஒரு புல்தரையில் இருபத்திரண்டு பேர் மட்டையோடு ஓடியதும் சரித்திரந்தான். அதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

அந்தப் பாடம் ஆட்டக்காரரைப் பற்றியது அல்ல, மேனேஜரைப் பற்றியது.

தோட்டத்தில் "மேனேஜர்" என்றால் துரை என்று நமக்குத் தெரியும். விளையாட்டுக் குழுவுக்கும் ஒரு மேனேஜர் உண்டு. அவர் மட்டை பிடிக்கமாட்டார், கோல் போடமாட்டார். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் யோசனை சொல்வது, தங்க இடம், சாப்பாடு, மருத்துவம், கட்டுப்பாடு, யாருக்கு என்ன குறை என்று விசாரிப்பது எல்லாம் அவர் தலையில். குழு ஜெயித்தால் மாலை ஆட்டக்காரருக்கு. தோற்றால், "மேனேஜர் என்ன செஞ்சான்? அவனைத் தூக்குங்கப்பா!" என்று காப்பிக்கடை முதல் பெரட்டுக்களம் வரை தீர்ப்பு எழுதிவிடுவோம்.

இந்தத் தீர்ப்பு சரியா? பால் வெட்டி வளர்ந்த நமக்கு ஓர் உதாரணம் போதும். காலையில் வெட்டிய பாலைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்குப் போனால், வெறுமனே வாளியை நிறுத்துவிட்டுக் கணக்கு எழுதிவிடுகிறார்களா? இல்லையே! அதில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று சோதித்துப் பார்த்த பிறகுதானே கணக்கு? மழை பெய்த மறுநாள் வாளி கனக்கலாம், சத்து குறைவாக இருக்கும். இலை உதிர்ந்த காலத்தில் பால் கொஞ்சமாகத்தான் வரும். அதற்காக வெட்டியவரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது.

ஆட்டத்தின் கோல் கணக்கும் அப்படித்தான். அது வாளியின் கனம் மட்டுமே. உள்ளே இருக்கும் சத்தைப் பார்க்க மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். குழுவுக்கு என்ன குறை என்று மேனேஜர் கண்டாரா? கையில் இருந்ததைக் கொண்டு அந்தக் குறையைத் தீர்த்தாரா? அவர் தீர்க்க முடியாத குறைக்கு யார் பொறுப்பு? இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு பழைய கதைகளைப் புரட்டுவோம்.

பெர்லினில் ஒரு தோல்வி

1936-ஆம் ஆண்டு. இந்திய ஹாக்கிக் குழு பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போயிருந்தது. 1928-லும் 1932-லும் தங்கம் வென்ற குழு. தலைவர் தியான் சந்த். மேனேஜர் ஜகந்நாத், உதவி மேனேஜர் பங்கஜ் குப்தா. போய் இறங்கிய சில நாட்களிலேயே ஜெர்மன் குழுவோடு ஒரு பயிற்சி ஆட்டம். 4–1 என்று இந்தியா தோற்றது!

உலகம் புகழும் ஒரு குழு, பயிற்சி ஆட்டத்தில் தோற்றால் வழக்கமாக என்ன சொல்வார்கள்? "பயணக் களைப்பு, தரை ஈரம், பரவாயில்லை" என்று பூசி மெழுகுவார்கள். அங்கே அப்படி நடக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பலவீனம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். இந்தியாவிலிருந்து தாரா என்ற ஆட்டக்காரரை உடனே அனுப்பும்படி தந்தி போயிற்று. அவர் விமானத்தில் பறந்து வந்து அரையிறுதிக்குச் சேர்ந்தார். அரையிறுதியில் பிரான்சை 10–0 என்றும், 15.8.1936 அன்று இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனியை 8–1 என்றும் இந்தியா வென்றது.

முதல் கேள்விக்கு இது நல்ல பதில். குறை இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லத் துணிவு வேண்டும். வெற்றிப் பெருமையில் இருக்கும் குழுவுக்கு அந்தத் துணிவு மிகமிக அரிது.

கோலாலம்பூருக்கு வந்த இரண்டு குழுக்கள்

இனி நம் நாட்டுக்கே வருவோம். 1975 மார்ச் மாதம் மூன்றாவது உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. 12 நாடுகள் வந்தன. அவற்றில் இரண்டு குழுக்களின் மேல் நம் கண் நிற்கிறது. ஒன்று இந்தியா, மற்றொன்று நம் மலேசியா.

இந்தியக் குழு அப்போது தடுமாறிக்கொண்டிருந்தது. 1928 முதல் 1956 வரை நடந்த ஒலிம்பிக் போட்டிகள் எல்லாவற்றிலும் தங்கம் வாங்கிய நாடு, 1968-லும் 1972-லும் வெண்கலத்தோடு திரும்பியது. 1973 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் நெதர்லாந்திடம் பெனால்டி அடியில் தோற்றது. 1974 ஆசிய விளையாட்டில் வெள்ளிதான் கிடைத்தது. இது போதாதென்று நாட்டின் ஹாக்கிச் சம்மேளனத்துக்குள் உட்பூசல். குழுவுக்கு முகாம் நடத்தக்கூட வழியில்லாத நிலை. அந்த நேரத்தில் பஞ்சாப் மாநில அரசு, முதலமைச்சர் கியானி ஜெயில் சிங் காலத்தில், "நாங்கள் பொறுப்பு எடுத்துக்கொள்கிறோம்" என்று முன்வந்தது. சண்டிகரில் முகாம் நடந்தது.

மேனேஜராக நியமிக்கப்பட்டவர் பல்பீர் சிங். 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றவர். 1952 இறுதியாட்டத்தில் இந்தியா போட்ட 6 கோல்களில் 5 அவருடையவை. அவருக்குத் துணையாகப் பயிற்றுநர் குர்சரண் சிங் போதி இருந்தார். குழுத் தலைவர் அஜித் பால் சிங்.

குழுவுக்கு என்ன குறை? மட்டை வித்தையில் குறையில்லை. பஞ்சாபிலிருந்து சுர்ஜித் சிங், ஹர்சரண் சிங்; போபாலிலிருந்து அஸ்லம் ஷேர் கான்; குடகிலிருந்து கோவிந்தா; தமிழ்நாட்டிலிருந்து வி. ஜே. பிலிப்ஸ்; இவர்களோடு மைக்கல் கிண்டோ, தியான் சந்தின் மகன் அசோக் குமார். மொழி வேறு, மதம் வேறு, சாப்பாடு வேறு. ஒவ்வொருவரும் சூரர்தான். ஆனால் தனித்தனிச் சூரர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக வேண்டும். பல்பீர் கண்ட குறை இதுதான். பிள்ளைகளோடு பிள்ளையாக முகாமில் தங்கினார். முகாம் நடந்துகொண்டிருந்தபோதே அவருடைய தந்தை காலமானார். ஈமக்கடனை முடித்துவிட்டு மீண்டும் முகாமுக்கே திரும்பினார். மேனேஜர் இப்படி இருந்தால் ஆட்டக்காரர் எப்படி இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி மலேசியக் குழுவைப் பாருங்கள். 1973 உலகக் கிண்ணத்தில் நமக்குக் கிடைத்தது 11-ஆம் இடம். இரண்டே ஆண்டில் குழு மாறியது. பயிற்றுநர் ஹோ கோ சாய். 1964, 1968 ஒலிம்பிக் போட்டிகளில் மலேசியாவுக்கு ஆடிய பழைய கோல்காவலர். குழுவில் மகேந்திரன், ஸ்ரீ சண்முகநாதன், பூன் ஃபூக் லோக், மொகிந்தர் சிங், கைருடின் என்று எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். 1973-ல் உலகக் கிண்ணத்தை வென்ற நெதர்லாந்தையே 2–1 என்று தோற்கடித்து, அரையிறுதிக்குள் கால் வைத்தார்கள். தோட்டப்புறத்துப் பிள்ளைகள் விறகுக் கட்டையை வளைகோலாக வைத்து ஆடிய காலம் அது.

65-ஆம் நிமிடம்

இந்தியா அரையிறுதிக்கு வந்த பாதை பூப்பாதை அல்ல. இங்கிலாந்தை வென்றது, ஆஸ்திரேலியாவோடு சமன் கண்டது, கானாவுக்கு 7 கோல் போட்டது. பிறகு யாரும் எதிர்பாராமல் அர்ஜென்டினாவிடம் 1–2 என்று தோற்றது. "முடிஞ்சு போச்சு, மேனேஜர் சரியில்லை" என்று சொல்ல அன்றைக்கும் ஆள் இருந்திருப்பார்கள். ஆனால் வென்றே தீர வேண்டிய அடுத்த ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 3–1 என்று இந்தியா வீழ்த்தியது.

அரையிறுதி: இந்தியாவும் மலேசியாவும். மலேசியா முதலில் கோல் போட்டது. இந்தியா சமன் செய்தது. மலேசியா மறுபடியும் முன்னே போயிற்று. 2–1. மொத்தம் 70 நிமிட ஆட்டம், கடைசிச் சில நிமிடங்கள்தான் பாக்கி. இந்தியாவுக்குப் பெனால்டி கார்னர் மேல் பெனால்டி கார்னர் கிடைத்தும் பந்து உள்ளே போகவில்லை. நம்மவர்களில் பாதிப் பேருக்கு அன்று மனம் இரண்டாகப் பிளந்திருக்கும். பிறந்த மண் மலேசியா, பாட்டன் பூட்டன் வந்த மண் இந்தியா. ஆனாலும் நம் பிள்ளைகள் ஆடும்போது நம் வாய் "மலேசியா!" என்றுதான் கத்தும்.

அப்போது பல்பீர் சிங் ஒரு முடிவு எடுத்தார். பின்வரிசையில் நின்ற மைக்கல் கிண்டோவை வெளியே அழைத்து, அதுவரை பலகையில் உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பினார். இன்றுபோல ஆட்களை உள்ளே வெளியே மாற்றிக்கொண்டே இருக்கும் வசதி அன்று கிடையாது. வெளியே வந்தவர் வந்தவர்தான். இளைஞனை நம்பிச் செய்த சூது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் சூது அல்ல. குழுவுக்கு அந்த நிமிடத்தில் என்ன தேவை? ஓட்டம் அல்ல, தடுப்பு அல்ல. பெனால்டி கார்னரை ஓங்கி அடிக்கும் ஒரு கை. அந்தக் கை பலகையில் உட்கார்ந்திருப்பது மேனேஜருக்குத் தெரியும். அஸ்லம் தன் கழுத்துத் தாயத்தை முத்தமிட்டார். 65-ஆம் நிமிடம். பந்து வந்தது, நிறுத்தினார்கள், அடித்தார். 2–2!

கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் போட்ட கோலால் இந்தியா 3–2 என்று வென்றது. 15.3.1975 அன்று இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 2–1 என்று வென்று உலகக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியது. அசோக் குமார் போட்ட கோல்தான் வெற்றிக் கோல். மலேசியா மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியிடம் 0–4 என்று தோற்று, 4-ஆம் இடத்தைப் பெற்றது.

யார் ஜெயித்தார், யார் தோற்றார்?

இப்போது எடைபோடுவோம். வாளியை மட்டும் நிறுத்தால், பல்பீர் சிங் பாஸ், ஹோ கோ சாய் ஃபெயில். கணக்கு முடிந்தது. சத்தைப் பார்த்தால் கதை வேறு.

அஸ்லம் அடித்த பந்து அரை அடி விலகிப் போயிருந்தால்? இந்தியா தோற்றிருக்கும். பல்பீர் செய்த முடிவு அதனால் தப்பாகிவிடுமா? குறையைச் சரியாகக் கண்டார், சரியான ஆளை அனுப்பினார். பந்து எந்தப் பக்கம் போகிறது என்பது அவர் கையில் இல்லை. அதேபோல, 11-ஆம் இடத்தில் கிடந்த குழுவை இரண்டு ஆண்டில் உலக அரையிறுதிக்குக் கொண்டுவந்து, ஐந்து நிமிட தூரத்தில் இறுதியாட்டத்தைக் காட்டிய மலேசியப் பயிற்றுநரைத் தோற்றவர் என்று எப்படிச் சொல்வது? என் கணக்கில் அன்று இரண்டு பேருமே பாஸ்.

அப்படியானால் தோற்ற மேனேஜருக்கெல்லாம் சாக்குச் சொல்லித் தப்பிக்க வழி வைக்கிறேனா என்று சிலர் கேட்பீர்கள். இல்லை ஐயா! இது இன்னும் கடுமையான சோதனை. அதிர்ஷ்டத்தால் ஜெயித்துவிட்டு, குழுவின் குறை என்னவென்றே தெரியாமல் மாலை போட்டுக்கொள்ளும் மேனேஜரும் இந்தச் சோதனையில் ஃபெயில் ஆவார். சொந்தக்காரப் பிள்ளைக்கு இடம் கொடுத்தவர், சொல்ல வேண்டிய குறையைச் சொல்லாமல் விட்டவர், தோல்விக்கு ஆட்டக்காரரைக் காட்டிக்கொடுத்தவர், எத்தனை கிண்ணம் வாங்கினாலும் ஃபெயில்தான்.

வள்ளுவர் "தெரிந்துவினையாடல்" என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஒரு வேலையை, எந்த வசதியைக் கொண்டு, எந்த ஆள் முடிப்பான் என்று ஆராய்ந்து, பிறகு அவனிடமே விட்டுவிடு என்பது அதில் வரும் கருத்து. ஆளைப் பார்த்தால் போதாது, வசதியையும் பார் என்கிறார். நாம் மறந்துபோவது அந்த வசதியைத்தான்.

மூன்றாவது கேள்வி

வசதி என்றதும் மூன்றாவது கேள்வி வந்துவிடுகிறது. மேனேஜரால் தீர்க்க முடியாத குறைக்கு யார் பொறுப்பு?

உலகக் கிண்ணம் வென்ற மறு ஆண்டு, 1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக். அங்கேதான் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் நடந்தது. புல்லில் பழகிய கால்கள், புல்லில் பழகிய மட்டைகள். உலகக் கிண்ணம் வென்ற இந்தியா 7-ஆம் இடத்துக்குப் போயிற்று. நம் மலேசியா 8-ஆம் இடம். 1978 உலகக் கிண்ணத்தில் மலேசியா 10-ஆம் இடம்.

ஓராண்டில் ஆட்டக்காரர் எல்லாரும் ஆட்டத்தை மறந்துவிட்டார்களா? இல்லை. தரை மாறியது. செயற்கைத் தரை போடப் பெரும் பணம் வேண்டும். பணக்கார நாடுகள் ஊருக்கு ஊர் போட்டன. நம் நாடுகளால் அந்த வேகத்தில் முடியவில்லை. முகாம் போட்டு ஒற்றுமை வளர்ப்பது, சரியான நேரத்தில் சரியான ஆளை அனுப்புவது மேனேஜர் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளை முதல் நாளிலிருந்தே பழகுவதற்குத் தரை போட்டுக் கொடுப்பது மேனேஜர் வேலையா? அது சம்மேளனத்தின் வேலை, அரசாங்கத்தின் வேலை. பெரட்டில் ஆள் சேர்ப்பது மண்டோர் வேலை. மரமே நடாமல் விட்டுவிட்டு, பால் வரவில்லை என்று மண்டோரை ஏசலாமா?

நம் நாட்டில் முயற்சி நடக்காமல் இல்லை. 1983-ல் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டி தொடங்கியது; பெரிய நாடுகளின் குழுக்கள் இங்கே வந்து ஆடின. ஆனாலும் 1975-க்குப் பிறகு மலேசியா உலகக் கிண்ண அரையிறுதியை எட்டவில்லை. 2002-ல் மீண்டும் கோலாலம்பூரிலேயே உலகக் கிண்ணம் நடந்தபோது 8-ஆம் இடம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்குக்குப் போனதோடு சரி. 2024 பாரிஸ் வரை அடுத்த ஆறு ஒலிம்பிக் போட்டிகளுக்கும் தகுதி பெறவில்லை. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் ஜப்பானோடு 6–6 என்று சமன் கண்டு, ஷூட்-அவுட்டில் 1–3 என்று தோற்றோம். அன்று வென்றிருந்தால் ஒலிம்பிக் கதவு திறந்திருக்கும். 1975-ல் ஐந்து நிமிடம், 2018-ல் ஒரு ஷூட்-அவுட்!

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் "பயிற்றுநரை மாற்று" என்ற குரல்தான் முதலில் கேட்கும். சில சமயம் மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றுவதற்கு முன் மூன்று கேள்வியையும் கேட்டோமா? ஆளை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு புது ஆளும் பழைய குறையைப் புதிதாகக் கண்டுபிடிப்பதிலேயே காலம் போய்விடும்.

நம் பள்ளித் திடலில்

பெற்றோர்களே, இவ்வளவு தூரம் பெர்லினுக்கும் கோலாலம்பூருக்கும் உங்களை அழைத்துப் போனது நம் பள்ளித் திடலுக்குத் திரும்பி வருவதற்காகத்தான்.

நம் தமிழ்ப்பள்ளிக் குழுவும் மேனேஜர் உள்ள குழுதான். பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்கோ கூலிமுக்கோ போய், தோற்றுத் திரும்பும் ஆசிரியர்தான் அந்த மேனேஜர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, ஜனங்கள் பட்டணத்துக்குப் போன பிறகு, பல தோட்டப் பள்ளிகளில் ஒரு குழுவுக்குப் பிள்ளை சேர்ப்பதே பெரும்பாடு. எதிரே நிற்பது பெரிய பட்டணத்துப் பள்ளி. நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் பதினொருவரைப் பொறுக்கி எடுத்து வருவார்கள். நம்மிடம் இருப்பதே பதின்மூன்று பேர், அதில் இருவருக்குக் காய்ச்சல்!

அப்படித் திரும்பி வரும் ஆசிரியரிடம் "எத்தனை கோல் வாங்கினீங்க, சார்?" என்று சிரித்துக்கொண்டே கேட்காதீர்கள். "பிள்ளைகளுக்கு என்ன குறை, சார்?" என்று கேளுங்கள். காலணி இல்லையா? மாலையில் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வர வண்டி இல்லையா? திடலில் புல் வெட்ட ஆள் இல்லையா? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடித்த பிறகு ஒரு கால்மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஆசிரியர் தீர்க்கக்கூடிய குறையை அவரிடம் விடுங்கள். நாம் தீர்க்க வேண்டியதை நாம் எடுத்துக்கொள்வோம். அதன் பிறகும் அவர் தம் வேலையைச் செய்யவில்லை என்றால், தாராளமாகக் கேளுங்கள். கேட்கும் உரிமை அப்போது நமக்கு உண்டு.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களுக்கு வாழ்த்து. கீழே உட்கார்ந்து கைதட்டுகிறவர்களே, நீங்கள் பலகையில் உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானை நினைத்துக்கொள்ளுங்கள். 65 நிமிடம் வரை அவரை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அவர் தயாராக இருந்தார். அவர் தயாராக இருப்பதை அறிந்த ஒரு பெரியவரும் அங்கே இருந்தார்.

அப்படி அறிந்து வைத்திருக்கும் பெரியவராக ஆசிரியர் இருக்கட்டும். அவர் கையில் வேண்டிய வசதியை வைக்கும் பெரியவர்களாக நாம் இருப்போம்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!